வாடகைக் காரும் மூழ்கிய வயலும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். வாடகைக் காருக்கு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று கையெழுத்திட்டேன். கீழ்வேளூரில் நம் வயல் மட்டும் மூழ்கியபோது, ஊரே மூழ்கினால்தான் பயிர்க் காப்பீட்டுப் பணம் என்றார்களே. இங்கே எல்லாக் காரும் ஒரே நாளில் மோதாது, காசும் வராது என்று நினைத்தேன்.

என் கார் மட்டும் தூணில் மோதியது. காயமில்லை, பயப்படாதீர்கள். யாராவது கதவைத் தட்டினால் போலீஸ் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

நான் போட்ட கணக்கைச் சொன்னதும், காரை வாடகைக்குக் கொடுத்த கடையின் நாகூர்க்காரர் சிரித்தார். "ஒத்தக் கார் இடிச்சாலும் குடுப்பாங்க தம்பி. இது என்ன சம்பாப் பயிரா?"

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். யாராவது வந்தால் மோர்மிளகாய் கொடுத்தனுப்புங்கள். பன்னிரண்டாம் தேதி தங்கை வானதி கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு மோதிரம் போட சித்தப்பா மகன் தமிழரசனைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

பழுதுக் கணக்கு முடியும்வரை என் பாஸ்போர்ட் கார் கடையில் இருக்கும்.

மகன்,
ராஜசேகர்