சாமியப்பனை எப்படித் திட்டுவது

காங்கேயம்
4.6.2024

மருமகள் நாகஜோதிக்கு,

தெற்கத்திப் பெண் என்று உங்கள் கல்யாணத்துக்கே வராதவன் நான். பேரனுக்கு என் பெயரை வைத்தீர்கள் என்றதும்தான் மனம் இறங்கினேன். இப்போது, உங்கள் வீட்டுக்கு எண்ணெய் கொண்டுவந்த நம் மில் டிரைவர் கன்னையன் சொல்கிறான்: "உங்க பேரனை அவிய அம்மா பாபின், பாபின்னுதானுங்க கூப்புடுது."

தையல் மிஷினில் நூல் சுற்றுகிற பாபினா என் பேரன்? சாமியப்பன் என்று சொல்ல வாய் வலிக்கிறதா? காதுகுத்துக்கு நான் வரமாட்டேன்.

சாமியப்பன்


நெருப்பெரிச்சல்
9.6.2024

அன்புள்ள மாமாவுக்கு நாகஜோதியின் வணக்கம்.

இங்கு எல்லாரும் நலம். நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம். எண்ணெயோடு நீங்களும் வந்திருக்கலாம் என்று எனக்கும் ஒரு குறை உண்டு.

அந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவளே நான்தான். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்வாளா? உங்கள் பக்கம் மட்டுமில்லை, எங்கள் பக்கமும் அதே வழக்கம்தான். அதுவும் நேற்று உங்கள் பேரன், நான் தைத்து அடுக்கிய பனியன்மேல் மூத்திரம் பெய்துவிட்டான். "ஏலே ........., எரும மாடே, முதுகுல ரெண்டு போடுதேன் பாரு" என்று கத்தவா? புள்ளி வைத்த இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

எங்கே உட்கார வைத்தாலும் உருண்டு மிஷினுக்கு அடியில் போய்விடுகிறான், அதனால் பாபின். என் அண்ணனுக்கும் தாத்தா பெயர்தான். அம்மாவுக்கு அவன் இன்றுவரை 'தொரை'. வீட்டுக்கு வீடு செல்லப் பெயர் இப்படித்தான் முளைத்திருக்க வேண்டும்.

நீங்கள் வராமல் காது குத்தமாட்டேன். எத்தனை மாதமானாலும் சரி.

உங்கள் வீம்புக்கார மருமகள்,
நாகஜோதி


காங்கேயம்
15.6.2024

அம்மணி நாகஜோதிக்கு மாமாவின் ஆசி.

நீ சொன்னபடி பெயரைப் போட்டுச் சத்தமாகப் படித்தேன். மில்லில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

என் அப்பாவின் அப்பாவும் சாமியப்பன்தான். அம்மா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னதில் எந்நேரமும் செக்கடியில் உட்கார்ந்து எள்ளுப் புண்ணாக்குத் தின்பேன், அதையே பெயராக்கிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில் நின்றும் அப்படியேதான் கூப்பிடுவாள். அவளுக்கு என்னைப் பிடிக்காது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன் கடிதம் வராவிட்டால் அப்படியே போய்ச் சேர்ந்திருப்பேன்.

பாபினுக்குக் கம்மல் வாங்கிவிட்டேன். காதுகுத்துக்கு முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
புண்ணாக்கு