ரைட் என்றால் எந்தப் பக்கம்

9-6, திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். ஆட்டோ லைசென்ஸ் டெஸ்ட். ஃபெயில்.

எட்டு சுத்தமாகப் போட்டேன். பிறகு பின்சீட்டில் ஏறிய அதிகாரி, முச்சந்தி வந்ததும் "ரைட்" என்றார். நான் நேராகப் போய்விட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கல்யாணமான நாளாக எனக்கு ரைட் என்றால் போ.

"சோத்தாங்கை எதுன்னே தெரியாதாம்மா?" என்றார். வரிசையில் நின்ற ஆண்கள் சிரிப்பு.

ரவை, பூண்டு, துணி சோப்பு. எதுவும் வாங்கவில்லை.

10-6, செவ்வாய்
செல்வி அக்கா வந்தாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். தன் பழைய ஆட்டோவை எனக்கே தருவதாகச் சொன்னவள்.

"இந்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் வர்லன்னா தம்பிக்குக் குடுத்துருவேன் நஸ்ரீனு. வண்டிய சும்மா நிக்க வெச்சிகினு இன்னா பண்றது?"

நியாயம்தான்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "என் வாய்தான் உன்ன கவுத்துடுச்சா," என்றார். மீதிச் சோறு சாப்பிடவில்லை.

11-6, புதன்
மகள் ஷமா டிக்‌ஷனரி பார்த்துச் சொன்னாள். ரைட்: வலது, சரி, உரிமை. பழைய இங்கிலீஷில் முதலில் 'நேரானது' என்றுதான் அர்த்தமாம். பலமுள்ள கையைச் சரியான கை என்று நினைத்ததால் பிறகு அதற்கும் அந்தப் பெயர். நாம் சோற்றை வைத்துக் கைக்குப் பெயர் வைத்த மாதிரி.

"அப்ப நான் நேரா போனது தப்பே இல்ல."

"அந்தக் காலத்துல டெஸ்ட் குடுத்திருந்தா பாஸும்மா."

வயிறு வலிக்கச் சிரித்தோம்.

18-6, புதன்
மேகமூட்டம். அதே அதிகாரி, அதே முச்சந்தி. "ரைட்." வண்டியை நிறுத்தினேன்.

"சார், போவச் சொல்றீங்களா, திரும்பச் சொல்றீங்களா? எங்க வூட்ல ரைட்டுன்னா போ."

அதிகாரி கையை நீட்டினார். "வலது பக்கம் திரும்பும்மா."

திரும்பினேன். இண்டிகேட்டர் போட்டுத்தான். பாஸ்.

எனக்கு அடுத்து வந்த ஆளிடமும் "வலது பக்கம்" என்றே சொன்னார். காதால் கேட்டேன்.

27-6, வெள்ளி
லைசென்ஸ் கையில். டோல்கேட் ஆட்டோ ஸ்டாண்டில் செல்வி அக்கா சாவியை எல்லோர் முன்னாலும் கொடுத்தாள். "இனிமே இது நஸ்ரீனு வண்டி. எவனுக்குனா பேஜாரா கீதா?" ஒரு பெரியவர் தன் ஆட்டோவை முன்னால் நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

முதல் சவாரி, மீன்கூடையோடு ஒரு அம்மா. ராயபுரம். "கூடைக்கு எடம் கீதா?"

"கீது, ஏறும்மா."

பாலத்தில் கன்டெய்னர் லாரியை முந்தினேன். ஹாரன் அடித்தேன். தேவையே இல்லை. இன்னொரு தடவையும் அடித்தேன்.