கமாலுக்கு ஊர் காட்டியது

ஜனவரி 8, திங்கள்

விடாத மழை. எழுந்ததும் மீசைக்குக் கறுப்பு மை. நாற்பத்தாறு வயதை முப்பத்தைந்து என்று நாகூருக்குப் பெண் கேட்டு எழுதியவன் வேறென்ன செய்வான்? துறைமுகம் போவதற்குள் மை கரைந்து வாயோரம் வழிந்தது. பெண்ணின் அண்ணன் கமாலுதீன் படகிலிருந்து இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை: "வெத்தலையா காக்கா? கறுப்பா ஒழுகுதே!" காக்கா என்று அண்ணன் முறை; மச்சான் முறை இன்னும் இல்லை.

பெண் ஜைனம்பு. புருஷனை இழந்தவள். நன்றாகச் சமைப்பாளாம். நான் பிழைக்க வந்த இந்த ஊரை அண்ணன் பார்த்துவிட்டுச் சரி என்றால் நிக்காஹ். இல்லாவிட்டால் சாகும்வரை கடைச் சோறு. ஆகவே ஊரின் நல்ல பக்கமாகக் காட்ட உத்தேசம்.

முதலில் கடலோரத் திடல். மழையிலும் துரைமார் பந்தடிக்கிறார்கள்.

"இவங்களுக்கு வேல இல்லையா?"

"இதுதான் வேல."

வீட்டைத்தான் மறைக்க முடியவில்லை. சிராங்கூன் ரோடு. சுண்ணாம்புக் காளவாய்க்கும் எருமைத் தொழுவத்துக்கும் நடுவே ஓர் அறை.

"பெரிய பள்ளிவாசல் பக்கம்னுல்ல எழுதியிருந்தீங்க?"

"காத்து இந்தப் பக்கம் அடிச்சா பாங்கு கேக்கும்."

ஜன்னலில் ஓர் எருமை. அதுவும் நம்பவில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

தூறல். கால் வீக்கம். கம்போங் கிளாம். அத்தர்க் கடைகள், ஹஜ்ஜுக்குக் கப்பல் பார்த்துக் காத்திருக்கும் ஜாவாக்காரர்கள், நான் துணி கிழிக்கும் ஜவுளிக்கடை. என்னைப் பற்றி முதலாளி கொடுத்த நற்சாட்சி: "திருட மாட்டான்." அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஆற்றங்கரை. மூட்டை சுமக்கும் சீனர்கள், கருவாடு, சேறு. நான் மூக்கைப் பொத்தினேன். கமால் ஆழமாக மூச்சு இழுத்தான். "நம்ம கடக்கர மாதிரியே இருக்கு மச்சான்!"

மச்சான்! ஊர் அறியச் சொன்னான். வலது கால் வலி பாதி குறைந்தது.

ஜனவரி 10, புதன்

வெயில். டிராமில் தஞ்சோங் பகார் வரை. சீனர் தெருக்கள். தலைக்கு மேல் மூங்கிலில் துணி, கீழே வாத்து வாட்டல், நடுவே சண்டை. கமாலின் பாதி உடம்பு வெளியே தொங்கியது. நான் தூங்கிவிட்டேன்.

இத்தனை வருஷத்தில் இந்த ஊரை நான் இவ்வளவு சுற்றியதில்லை. எந்தத் தெருவும் என் தெரு என்று தோன்றியதுமில்லை. ஒருத்தி வந்து விளக்கேற்றினால் தோன்றுமோ என்னவோ.

சாயங்காலம் கோப்பிக் கடையில் கேட்டே விட்டேன். ஊர் எப்படி?

"ரொம்பப் புடிச்சிருக்கு காக்கா. நான் இங்கயே இருந்துடலாம்னு பாக்குறேன்."

"நீயா?"

"ஆமா. அப்புறம் அங்க உம்மாவ யாரு பாக்குறது? தங்கச்சிதான் இருக்கணும். நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது."

நேற்று மச்சான், இன்று காக்கா. கோப்பி ஆறிப்போயிற்று. காசு நான்தான் கொடுத்தேன்.

ஜனவரி 11, வியாழன்

மறுபடி மழை. கமால் வேலைக்குப் போய்விட்டான், மார்க்கெட் தெருவில் ஒரு மிளகு மண்டி. ஜாகை என் அறை. படுக்கை என் பாய். எனக்கு வாசற்படியோரம் சாக்கு.

மத்தியானம் மண்டிக் கணக்கப்பிள்ளை துணி வாங்க வந்தார். மண்டி முதலாளியும் கமால் வந்த அதே கப்பலில்தான் வந்தாராம். கப்பல் வழியில் பினாங்கு வருவதற்கு முன்பே கமாலின் வேலையைப் பேசி முடித்துவிட்டார்களாம்.