வண்டி மறந்த சாவி

ஜூன் 3

லேபில் இன்று முழுக்க மேல்தாடைப் பல்செட்டுகள். மெழுகு வாசனை விரலைவிட்டுப் போகவில்லை. நடந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் நிற்கும் காரின் முன்பக்கம் ஓர் ஓரம் நசுங்கியிருக்கிறது.

"யாரோ இடிச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார் இவர். என் பக்கம் திரும்பாமலே சொன்னார். திரும்பி நேருக்கு நேர் பார்த்தால்தான் இவருக்கு இப்போது என் முகம் தெரியும். குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் இனி பார்வை, பக்கத்தில் வருவது எதுவும் தெரியாது, வண்டியைத் தொடக்கூடாது என்று கண் டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார்.

மருமகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "மாமாதான் அத்தை. பேப்பர் வாங்கிட்டு வரேன்னு எடுத்துட்டுப் போனாரு. திரும்பி வரும்போது எதிர்வீட்டுப் பொண்ணு சைக்கிள்ல வந்துது. அதுவா கீழ குதிச்சதால தப்பிச்சுது. மாமா பார்க்கவேயில்ல. நேரா வந்து கேட்டுல முட்டித்தான் நின்னாரு."

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

ஜூன் 4

பேசிப் பார்த்தேன். "ஊர்ல பாதிப்பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்தவன் நான். எனக்கே நீ பாடம் எடுக்கிறியா?" டிரைவிங் ஸ்கூல் நடத்தியவரிடம் வேறு என்ன பதில் வரும்? சாவியைக் கேட்டேன். சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார், மிட்டாயை ஒளிக்கிற பிள்ளை மாதிரி. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஜூன் 6

மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் இனி விடிகாலை டியூட்டி. அவளுக்கும் ஒரு சாவி வேண்டும். மகன் வேலை செய்யும் ஊரிலிருந்து புதுச்சாவி வாங்கி அனுப்பியிருந்தான். என் சாவியைப் பார்த்து அதை வெட்டிக்கொடுத்த கடைக்காரர், "கதவு திறக்கும்மா, ஆனா வண்டி ஓடாது. இந்தப் பிளாஸ்டிக்குக்குள்ள ஒரு சிப் இருக்கு. அதை வண்டி அடையாளம் வெச்சுக்கணும். உங்க வண்டி பழசுதான், வீட்லயே பண்ணிக்கலாம்" என்றார்.

மருமகள் வீடியோ பார்த்து இரண்டு வழி கண்டுபிடித்திருக்கிறாள். முதல் வழி சுலபம்: பழைய சாவியைப் போட்டு எடுத்து, உடனே புதுச்சாவியைப் போட்டால் வண்டி அதையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது நீளம். ஒரு சாவியைத் திருப்பி, வண்டியைக் கிளப்பாமல் காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துப் பூட்டுப்படம் போட்ட சிவப்பு விளக்கு அணையும். இப்படி மூன்று தடவை. முடிந்ததும் வண்டி அந்த ஒரு சாவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடும்.

எல்லாவற்றையும்.

"மாமா சாவி மாமா பாக்கெட்லயே இருக்கட்டும் அத்தை. அவருக்குத் தெரியவே வேண்டாம்" என்றாள்.

சரி என்றேன். என் சாவி எப்போதும் என் கைப்பையில்தான். அவளும் தன்னுடையதைக் கையோடு வைத்துக்கொள்வாள். யோசித்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தூங்குகிறவர் தொடையில் கயிறு திரிக்கிற வேலையாகத்தான் படுகிறது. ஒரு நாள் அவர் அவசரத்துக்குச் சாவியைப் போட்டு, வண்டி கிளம்பாமல் — அப்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

செய்யாமல் விட்டு ஏதாவது ஆனால், அந்தச் சைக்கிள் பெண்ணின் அம்மாவிடம் எங்கே வைத்துக்கொள்வேன்?

ஜூன் 9

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் இவர் கண்ணயர்ந்ததும் நானும் மருமகளும் பூனை மாதிரி வெளியே போனோம். நான் ஸ்டியரிங் முன்னால், அவள் பக்கத்தில். என் சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. உட்கார்ந்திருந்தோம். வெயிலில் சீட் அடுப்பாகக் கொதித்தது. "ரெண்டு திருடங்க மாதிரி இருக்கோம் அத்தை" என்று அவள் சிரிக்க, நானும் சிரித்துவிட்டேன்.

பின்கதவு திறந்தது. இவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"வண்டியைக் கிளப்பாம ஆன்ல போட்டு என்ன பண்றீங்க? பேட்டரி இறங்கிடும்."

மருமகள் என்னைப் பார்த்தாள். புதுச்சாவி சேர்க்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யில்லை. ஆனால் கண்ணாடியில் இவர் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தலையை மெல்ல அசைத்து அசைத்து, எங்கே இருக்கிறேன் என்று. அதைப் பார்த்த பிறகு வாயில் பொய் வரவில்லை.

"உங்க சாவியை வண்டி மறக்கறதுக்குப் பண்றோம்ங்க. உங்ககிட்ட சொல்லாம பண்ணலாம்னுதான் இருந்தேன்."

சத்தம் போடுவார் என்று தோள் இரண்டையும் இறுக்கிக்கொண்டேன். விளக்கு அணைந்தது. அணைத்து, மறுபடி திருப்பினேன். மறுபடி எரிந்தது.

இரண்டாவது காத்திருப்பில்தான் பேசினார். "அந்தப் பொண்ணு வந்தப்போ நான் ஹாரன்கூட அடிக்கல. ஆள் வர்றது தெரிஞ்சாத்தானே அடிக்க முடியும்." சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, "அது கத்தினப்பதான் தெரிஞ்சுது. அந்தச் சத்தம் காதுலயே இருக்கு. யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லலாமே" என்றேன்.

"உன்கிட்ட சொன்னா சாவியைக் கேப்ப."

மருமகள் முதலில் மூக்கை உறிஞ்சினாள், பிறகு சிரித்தாள். இவரும் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

மூன்றாம் தடவை நான் பதறிப்போய் விளக்கு அணையும் முன்பே கையைக் கொண்டுபோனேன். "கையை எடு. என்ன அவசரம்?" — பின்சீட்டிலிருந்து அதே வாத்தியார் குரல். எடுத்தேன். அணைந்தது. கிளப்பினேன். உடனே ஓடியது. அணைத்துவிட்டு, மருமகளின் சாவியையும் சேர்த்தோம்.

அவளுக்கு என்ன தோன்றியதோ, "மாமா, உங்க சாவியையும் சேர்த்துடவா? ஒரு நிமிஷம்தான்" என்றாள். இதைத் தொடங்கிவைத்ததே அவள்தான்!

இவர் இறங்கி முன்னால் வந்தார். நான் இறங்கி இடம் விட்டேன். தன் சாவியைப் பையிலிருந்து எடுத்து, துளையைத் தடவிக் கண்டுபிடித்து, திருப்பினார். வண்டி ஒரு தரம் உறுமி அடங்கியது. இன்னொரு தரம் திருப்பினார். அதே கதைதான்.

"நல்ல வண்டி. சொன்னா கேட்டுக்குது" என்றார். "சேர்க்க வேண்டாம்மா."

சாவியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். நடக்கையில் கதவு நிலை தோளில் இடித்தது.

ஜூன் 12

சாப்பிடுகிறார், படுக்கிறார். பேச்சு இல்லை. தப்புப் பண்ணிவிட்டேனா?

ஜூன் 16

பேச்சு வந்தது — வசவாக. மருமகள் இன்று இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைக்கு ஓட்டிப்போனாள். நான் பின்னால். "கிளட்ச்சைக் காலால மிதிக்கணும்மா, கோபத்தால மிதிக்கக்கூடாது." வழி முழுக்க இதுவே. "மாமா, பேசாம டிரைவிங் ஸ்கூலைத் திறந்துடுங்க, நான் சேர்றதுக்கில்ல" என்றாள் அவள். இரவு ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டார்.

ஜூன் 25

பார்வை குறைந்தவர்களுக்கு வெள்ளைக் கோலோடு நடக்கப் பழக்கும் வகுப்பு ஒன்று மருமகளின் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. போகமாட்டேன் என்றார். போனார். பழக்குகிறவள் மகள் வயதுப் பெண். "கோலை வீசாதீங்க சார், தரையைக் கேளுங்க" என்று விரட்டுகிறாளாம். "என்கிட்ட கத்துக்கிட்டவங்களை நான்கூட இப்படிப் படுத்தினதில்ல" என்று வந்து முறையிட்டார். இவரிடம் கற்றுக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும்!

ஜூலை 2

இவர் முழங்காலில் சிராய்ப்பு. மருந்து போட்டேன்.

ஜூலை 21

லேபிலிருந்து வந்தால் வீட்டில் இவர் இல்லை. வெள்ளைக் கோலும் இல்லை. மருமகள், "தனியா பஸ்ல போறேன்னாரு அத்தை. நிறுத்தம்வரைக்கும் வரேன்னேன். வேண்டாம்னுட்டாரு" என்றாள். அவள் முகத்திலும் கலவரம். வாசலுக்குப் போனேன், வந்தேன், போனேன். சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார். தெருமுனையிலிருந்தே கோலின் தட்டல் கேட்டது. உள்ளே ஓடிவந்து அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! "மீசை சமமா இருக்கா பாரு. அவன் இருக்குன்னான், நான் நம்பல" என்று முகத்தை நீட்டினார். ஒரு பக்கம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. சமமாக இருக்கிறது என்றேன்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். கை கழுவும்போது, "நாளைக்குச் சாயங்காலம் நான் வீட்டுல இருக்கமாட்டேன்" என்றார்.

எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்காமல், வெள்ளைக் கோலை வாசல் பக்கம் இவர் கைக்கு எட்டும்படி சாத்திவைத்தேன்.