கூடப் பிறந்த கெட்டிக்காரி

12-6-2006, திங்கள்
காலையிலேயே வெயில். படப்பை ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை. கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் வரை நின்றபடி.
நான் பயிற்சி இன்ஜினியராக இருக்கும் பிளாண்டில் நாளை தர ஆடிட். எங்களிடம் ரப்பர் சீல் வாங்கும் கம்பெனியிலிருந்து வரும் இன்ஜினியர்களில் வசந்தியும் உண்டு. என் இரட்டை. இங்கே யாரிடமும் சொல்லவில்லை.
கோவில்பட்டியில் ஒரே பள்ளி, ஒரே பெஞ்ச். பிளஸ் டூவில் நான்தான் இரண்டு மார்க் அதிகம். நுழைவுத் தேர்வின்போது எனக்கு டைபாய்டு. அவளுக்குச் சென்னையில் பேர்பெற்ற கல்லூரி. எனக்குத் தண்டலம் பக்கம் ஒன்று, பேர் சொன்னால் "எங்க இருக்கு?" என்பார்கள்.

13, செவ்வாய்
தொப்பி, மாஸ்க். அதனால் எங்கள் சாயலை யாரும் கவனிக்கவில்லை. சீல் ஏன் ஓரத்தில் கிழிகிறது என்ற பேச்சு. மோல்டு சூடு சீராக இல்லை என்றேன். மேனேஜர் திரும்பவே இல்லை. சற்றுத் தள்ளி நின்ற வசந்தியும் பிறகு அதையே சொன்னாள். "எக்ஸலண்ட், மேடம்!" என்றார் மேனேஜர்.
எழுதக் கூசுகிறது. அதற்கப்புறம் அவள் கேட்ட கேள்விகள் எனக்குத் தோன்றியிருக்காது. பயமே இல்லை அவளுக்கு. பள்ளியில் எழுந்து கேள்வி கேட்டவள் நான். பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தவள் அவள்.
கேன்டீனில், லைனில் வேலை பார்க்கும் கலா: "இன்னாக்கா, அந்த மேடம் உன்ன மாரியே கீறாங்க?"
"என் கூடப் பொறந்தவ."
"சும்மா ரீல் வுடாதக்கா." சிரித்துவிட்டுப் போனாள்.

14, புதன்
மாலை, ஸ்ரீபெரும்புதூரில் வசந்தியோடு காபி. ஆறிப்போனது.
"அந்தக் காலேஜ்தான்டி உன்னய இப்படி ஆக்குச்சு," என்றேன்.
"அப்ப நான் படிச்சது ஒண்ணுமில்லையா? எங்கூடச் சேந்து அரியரா வச்சு ஓடிப்போனவங்களும் இருக்காங்க. அவங்களுக்கும் அதே காலேஜ்தான?"
நியாயம்.
"எனக்கு அந்த எடம் கெடச்சிருந்தா?"
தம்ளரையே பார்த்தாள். "தெரியலடி."
பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

16, வெள்ளி
தூறல். பயிற்சிக் காலம் இந்த மாதத்தோடு சரி, நிரந்தரம் இல்லை என்றார் மேனேஜர். வசந்தி என் கூடப் பிறந்தவள் என்ற விஷயம் எப்படியோ அவர் காதுக்கும் போயிருக்கிறது. "உங்க சிஸ்டர் கேலிபரே வேறம்மா."
பூத்திலிருந்து அம்மாவுக்கு போன். வேலை இல்லை என்றேன். அம்மா, ஆறுதலாகத்தான்:
"விடு தாயி. சின்னதுலேருந்தே அவதான சூட்டிகை. நீயும் ஒன்னால முடிஞ்சதப் பாத்த."
அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.
"ஆமாம்மா," என்றேன்.