ஓவியா பேனரில் என் போட்டோ

அன்புள்ள ஓவியாவுக்கு,

ஜெர்மனியில் குச்சியை அசைத்து நூறு வாத்தியக்காரர்களை வேலை வாங்கும் என் அக்கா மகள் நல்லா இருக்கணும் என்று அங்காளம்மனை வேண்டிக்கொண்டு, இரும்புலியூரிலிருந்து தினகரன் மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். நீதான் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் இதை எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி உன் தங்கை வினிதாவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் வைத்த பேனரைப் பற்றித்தான் ஜில்லா முழுக்கப் பேச்சு. "இசை நோட்ஸ் புத்தகத்தைப் பார்க்காமலே, நூறு பேரை ஆட்டிவைக்கும் எங்கள் வீட்டுப் பெண்" என்று போட்டிருந்தேன். படப்பையிலிருந்து வேன் வைத்து வந்து பார்த்தார்கள். ஒரு பெரிய அதிகாரி காரே நின்று பார்த்துவிட்டுப் போனது. சிக்னலுக்கு நின்றது என்பான் என் கூட்டாளி ஜெயவேலு. பொறாமை.

அந்தப் பேனரின் படத்தை போனில் பார்த்ததிலிருந்து உனக்குத் தூக்கமே இல்லை என்று அக்கா சொன்னாள். ஒத்திகையில் நடுவே ஒரு பக்கம் மறந்துபோய்க் கை அப்படியே நின்றுவிட்டதாமே. உங்கள் சாரே புத்தகத்தை வைத்துக்கொள் என்று சொல்லியும், "மாமா ஊரெல்லாம் சொல்லிட்டாரு, இனி எப்படித் திறப்பேன்" என்று அழுதாயாம்.

அட பைத்தியமே! எட்டாவது படிக்கும்போதே உன்னைக் கலெக்டர் என்று சொன்னவன் நான். அதற்காக நீ கலெக்டர் ஆனாயா? நானும் படப்பைத் திருவிழாவில் பேண்டு செட்டை நடத்தினவன்தான். ஒரே கையசைப்பு, அத்தனை பேரும் கப்சிப். அதே நேரம் பார்த்து மழை வந்ததும் உண்மை.

நேற்று ஏணி போட்டு ஏறி, அந்தப் "பார்க்காமலே" வரிமேல் என் போட்டோவை ஒட்டிவிட்டேன். வரி முழுக்க மறையணுமே, அதனால் கொஞ்சம் பெரிய போட்டோ. டீக்கடையில் ஜெயவேலு, "இன்னா மச்சான், கச்சேரி பொண்ணுக்கா உனக்கா? மூஞ்சி லாரி சைசுக்கு கீதே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். போட்டோவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

சனிக்கிழமை உன் கச்சேரியை அக்கா டிவியில் போட்டுப் பார்க்கப் போகிறாள். புத்தகம் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று அவள் பார்க்க மாட்டாள். பிள்ளை இளைத்திருக்கிறாளா என்றுதான் பார்ப்பாள். வேறு யாராவது கேட்டால் பதில் சொல்ல நான் இருக்கிறேன். அந்த டிபார்ட்மெண்டை என்னிடம் விடு.

திறந்தே வைத்துக்கொள், கண்ணு. மறந்தால் பார், மறக்காவிட்டாலும் பார். கடைசியில் கும்பிடும்போது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நில், அக்கா உன் முகத்தைப் பார்க்கட்டும்.

நாளைக்குக் கூப்பிடுகிறேன். எடு.

உன் கச்சேரிக்கு எப்போதும் முதல் கைதட்டு,
தினகரன் மாமா