தலைகீழாக ஓடிய மெஷின்

அண்ணி,

இன்று காலையில் கடைக்கு வந்த ஒரு புது கேம் மெஷின் பெட்டியைப் பிரித்தேன். டேப்பை அறுத்து மூடியைத் தூக்கியதும் புது பிளாஸ்டிக்கும் வெள்ளைத் தெர்மோகோலும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. ஹாலில் நான் ஒருத்திதான் இருந்தேன். இருந்தாலும், "அண்ணி, வாங்க, வந்து மோந்து பாருங்க" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிவதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது. உங்களை நினைத்தால் எனக்கு இப்போதெல்லாம் இப்படித்தான் ஆகிறது.

நாம் முதன்முதலாக வாங்கிய, சிடி போடும் கேம் மெஷினை இதே ஹாலில்தான் பிரித்தோம். நீங்கள் பெட்டிக்குள் மூக்கை விட்டுக்கொண்டு, "பாக்கியம், உங்க அண்ணன் வாங்குனதெல்லாம் பழைய லோரி. புது வண்டி வாசனை இப்படித்தான்டி இருக்கும்" என்றீர்கள். அப்போது உங்களுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. முகம் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம்.

அதற்கு முன்னால் நடந்ததை நான் மறக்கவில்லை. கணவர் இறந்த பிறகு ஒரு பையோடு கிள்ளானுக்கு, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றவள் நான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது படித்ததோடு சரி. கையுறை ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு கையுறையையும் காற்றடித்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதில் பூசியிருக்கும் மாவும் ரப்பரும் பட்டுப் பட்டு என் கைத்தோல் உரிந்தது. ஒருநாள் சோறு பிசைய முடியாமல் நான் கரண்டியால் சாப்பிட்டதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "நாளையிலேர்ந்து அங்க போகாத. ஹாலு சும்மாத்தான் கெடக்கு, நாம கடை போடலாம்" என்றீர்கள். என்ன கடை என்றேன். "கேம் கடை" என்றீர்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

இரண்டு டிவி, கேசட் சொருகுகிற இரண்டு மெஷின், தரையில் பாய். அவ்வளவுதான் நம் கடை. பள்ளி விட்டதும் பையன்கள் வந்து மணிக்கணக்கில் விளையாடினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து ஆளை எழுப்பிவிடுவேன். நீங்கள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு பையன்களோடு சண்டை கேமில் உட்கார்ந்துவிடுவீர்கள். "ஆன்டி சீட்டிங் லா!" என்று அவர்கள் கத்துவார்கள். "தோத்தவன் எந்திரி, பேச்சு வேணாம்" என்பீர்கள். உங்களை ஜெயித்த பையனை நான் பார்த்ததே இல்லை.

பிறகு எதிர்ச்சாரியில் ஒரு சீனர் புதுக் கடை திறந்தார். எல்லாமே சிடி போடுகிற மெஷின். அதில் வரும் கார் நிஜக் கார் மாதிரி இருக்கும், ஆள் நிஜ ஆள் மாதிரி திரும்புவான். நம் பாய் காலியானது. அண்ணன் கெட்டவர் இல்லை, உங்களுக்கே தெரியும். துறைமுகத்துக்கு லோரி ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டபடியே சொன்னார்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல ஹாலை ஒரு டெய்லர் கேக்குறாரு, வாடகைக்கு விட்டுடலாம். பாக்கியம் திரும்ப ஃபேக்டரிக்குப் போகட்டும்."

நான் என் கையைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயில் ஏறிவிட்டீர்கள்.

அங்கே இம்பி வட்டாரத்தில் மாடி மாடியாகக் கம்ப்யூட்டர் கடைகள். நீங்கள் ஒவ்வொரு கடையிலும் நின்று விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கடைக்கு நகர்ந்தீர்கள். கடைசியில் ஒரு கடை முதலாளி பாஸோடு பேச்சு. பாதி மலாயிலும் பாதி இங்கிலீஷிலும் நடந்ததை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஆன்டி, பழசையெல்லாம் தூக்கிப் போடு லா. மூனு புதுசு எடுத்துக்க" என்றார் அவர்.

"ஏன் பாஸ், உங்க வீட்டுக்குப் புதுப் பிள்ளை வந்தா பழைய பிள்ளையைத் தூக்கிப் போட்டுடுவீங்களா?"

அவர் வாய் பிளந்து சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. புது மெஷின் ஒன்றே ஒன்று எடுத்தீர்கள். பழைய மெஷினுக்கு நான்கு புதுக் கன்ட்ரோலர் எடுத்தீர்கள். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ரயிலில் விளக்கினீர்கள்.

"சின்னப் பையனுங்களுக்கு இன்னமும் அந்தப் பழைய கேம்தான்டி உசுரு. நம்ம பட்டன்தான் அமுக்குனா எந்திரிக்க மாட்டேங்குது. அதுக்கு மெஷின் என்ன பண்ணும்? எது கெட்டிருக்கோ அதை மட்டும் மாத்தணும். எல்லாத்தையும் மாத்துனா எது சரியாச்சுன்னே தெரியாது."

நல்ல டிவியைப் புது மெஷினுக்குக் கொடுத்தோம். ஒரே வாரம்தான், அண்ணி! வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பெரியவன்கள் சிடி மெஷினுக்கு வரிசையில் நின்றார்கள், சின்னவன்கள் புதுக் கன்ட்ரோலரில் தட்டித் தள்ளினார்கள். நான் சந்தோஷத்தில் கடிகாரம் பார்க்கவே மறந்தேன்.

இங்கேதான் நம் கூத்து ஆரம்பம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் நீங்கள் சாம்பிராணிச் சட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் புது மெஷினிடம் வருவீர்கள். அண்ணன் லோரி வாங்கியபோது பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கே புகை காட்டியவர் நீங்கள். மெஷினுக்கு மட்டும் குறை வைப்பீர்களா? சிடி வைக்கிற மூடியைத் திறந்து, முறத்தால் விசிறி, "உள்ளேயும் போகட்டும், கண்ணு பட்டிருக்கும்" என்பீர்கள். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைகள் போகப் போக மெஷின் திணற ஆரம்பித்தது. கார் பாதி வழியில் நின்றுவிடும். பாட்டு விக்கும். சிவா என்கிற பையன்தான், "ஆன்டி, தலைகீழா கவுத்துப் போடுங்க, ஓடும். எல்லாக் கடையிலயும் அப்படித்தான் பண்றாங்க" என்றான். கவிழ்த்தோம். ஓடியது! "பாத்தியா பாக்கியம், மெஷினு சிரசாசனம் பண்ணுது" என்று நீங்கள் கைதட்டினீர்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது, பள்ளி விடுமுறை. பையன்கள் ஒவ்வொருவராக எதிர்ச்சாரிக்குப் போனார்கள். அண்ணன் டெய்லரை வந்து ஹாலைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

மெஷினைத் துண்டில் சுற்றி மறுபடியும் கோலாலம்பூர் போனோம். அந்த பாஸ் வெளியூர் போயிருந்தார். கடையில் இருந்தவர் மெஷினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "லென்ஸ் போச்சு. வேற மெஷின் வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் நீங்கள் மெஷினை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். சுபாங் ஜெயா ஸ்டேஷன் தாண்டும்போது மடியில் இருந்த மெஷினின் மூடியைச் சும்மா திறந்தேன். என்னவோ பழகிய வாசனை. குனிந்து மோந்தேன்.

"அண்ணி, இதக் கொஞ்சம் மோந்து பாருங்க."

"போடி, அதுல என்ன மோந்து பாக்க இருக்கு?"

"சாம்பிராணி வருது அண்ணி."

நீங்கள் குனிந்தீர்கள். அப்புறம், "அடிப்பாவி, நம்ம வெள்ளிக்கெழமை முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு!" என்று அலறினீர்களே, பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா பயந்து பையை அணைத்துக்கொண்டார். உங்களுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோ ஹெட் துடைக்கிற மருந்துப் புட்டியைத் தேடி எடுத்தீர்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு. அந்த லென்ஸ் உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். கீறல் விழுந்தால் கடையும் போச்சு, நானும் ஃபேக்டரிக்குப் போயாச்சு. குச்சியை என்னிடம் நீட்டினீர்கள்.

"நீ பண்ணு."

"அண்ணி, எனக்குப் பயமா இருக்கு."

"ஊசி ஓட்டை பாத்த கண்ணு உன்னுது. என்னுது சண்டை போடுற கை. நீயே பண்ணு."

நான் துடைத்தேன். மூச்சு விடாமல், பூவைத் தொடுவது போல. பஞ்சு பழுப்பாகத் திரும்பி வந்தது. இன்னொரு குச்சி, இன்னொன்று. பஞ்சு வெள்ளையாக வந்த பிறகு காயவிட்டு, சிடியைப் போட்டு, மெஷினை நேராகவே வைத்தோம். திரை கறுப்பாகவே இருந்தது. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். அப்புறம் பாட்டு வந்தது. விக்காமல், சுத்தமாக! நாம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னலா, லாட்டரியா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல!" என்று கத்தினீர்கள்.

தீபாவளி அன்று பையன்கள் புதுச் சட்டையோடு முறுக்கைக் கடித்துக்கொண்டே வந்து குவிந்தார்கள். டெய்லரும் வந்தார். வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் கதவோரம் நின்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாக்கியம், எனக்கு ஒரு டர்ன் போடு" என்றார்.

"வரிசையில நில்லுங்க. லோரி டிரைவருக்குன்னு தனி கியூ இங்க இல்ல" என்றீர்கள் நீங்கள்.

அவர் நின்றார், அண்ணி. சின்னப் பையன்களுக்குப் பின்னால், கையில் முறுக்குத் தட்டோடு. ஃபேக்டரிப் பேச்சு அதற்கப்புறம் இந்த வீட்டில் எழவே இல்லை. சாம்பிராணியையும் நீங்கள் விடவில்லை. வெள்ளிக்கிழமை ஆனால் மெஷின்கள் மேல் துணி ஊறவைக்கும் பேசினைக் கவிழ்த்துவிட்டுப் புகை போட்டீர்கள். "சாமி பேசினுக்கு வெளிய இருந்தே பாத்துக்கும்" என்றீர்கள்.

இப்போது தாய்மார்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாருக்கும் கவலை இல்லை. போன வாரம் செலாயாங்கிலிருந்து ஒரு பெண் மகனின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கேம் ஓட மாட்டேங்குதாம், பையன் முழுசாகப் புதுசு கேட்கிறானாம். திறந்தால் ஃபேன் மேல் பூனைக்குட்டி அளவுக்குத் தூசி. "மொதல்ல இதத் தட்டுவோம். அப்புறமும் மெதுவா ஓடுனா மெமரி மட்டும் கூட்டிப் பாப்போம். அதுக்கும் அசையலன்னாத்தான் புதுசு" என்றேன். "வச்சிட்டுப் போம்மா, நாங்க பாத்துச் சொல்றோம்."

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "நீங்க மட்டுந்தானே இருக்கீங்கக்கா? இன்னொருத்தர் யாரு?"

"எங்க அண்ணி" என்றேன்.

சுவரில் மாலை போட்ட உங்கள் படத்தை அவள் அப்போதுதான் கவனித்தாள். கம்ப்யூட்டரை மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சரிக்கா. ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்க."